அக்கா எறிகிற சாவி

ஒல்லி என்று பெயர் வாங்கியவர் இப்போது ஒல்லி இல்லை. ஸ்டியரிங்குக்கும் அவர் வயிற்றுக்கும் நடுவில் ஒரு செய்தித்தாளைச் செருகினால் கீழே விழாது. ஆனால் லாரிக்காரர்கள் ஒரு தடவை பெயர் வைத்துவிட்டால் வைத்ததுதான். கூடவே ஓட்டியவர்களுக்கு அவர் வீட்டில் வைத்த பெயர் தெரியாது, தெரிந்துகொள்ள யாரும் மெனக்கெட்டதும் இல்லை.

அன்று காலை அக்கா கடை முற்றத்தில் லாரியை நிறுத்திவிட்டு, சாவியை உருவிக்கொண்டு ஒல்லி கீழே இறங்கினார். அந்தச் சாவியை உள்ளே கொடுக்க வேண்டும். கொடுப்பதில் ஒரு சிரமமும் இல்லை. திரும்ப வாங்குவதில்தான் இருந்தது எல்லாம்.

அக்கா கடையில் அப்படி ஒரு வழக்கம். எந்த டிரைவர் வந்தாலும் முதல் வேலையாகச் சாவியை அக்காவிடம் கொடுத்துவிட வேண்டும். அவள் அதைத் தன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் பலகையில் ஆணியில் மாட்டிவிடுவாள். சாப்பிட்டு, குளித்து, கிளம்பும்போது எதிரே வந்து நின்றால், கல்லா மேடைக்குப் பின்னாலிருந்து சாவியை எடுத்து எறிவாள். பிடித்தால் போகலாம். விட்டால், பின்கட்டில் வரிசையாகக் கட்டில் போட்டிருக்கிறது, படுத்துத் தூங்க வேண்டியதுதான். தூங்கி எழுந்து வந்தால் மறுபடி எறிவாள். பேச்சு, கெஞ்சல், முறைப்பு எதுவும் அவளிடம் எடுபடாது.

இத்தனை வருடத்தில் ஒல்லி ஒரு தடவைகூடச் சாவியை விட்டதில்லை. அது அந்தச் சாலை முழுக்கத் தெரிந்த விஷயம்.

ஆனால் போன மழைக்காலத்தில் அவருடைய இடது கண் போய்விட்டது. முதலில் மங்கல், அப்புறம் புகை, அப்புறம் ஒன்றுமே இல்லை. கண் டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்: போனது வராது, இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், வண்டி ஓட்டுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். ஒல்லி நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு வெளியே வந்து லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மனைவியிடம் சொட்டு மருந்து விட்டால் சரியாகிவிடும் என்றார். அந்த லாரி அவருடைய சொந்த லாரி. அதை ஓட்டாத ஒல்லி என்று ஓர் ஆளை அவருக்குக் கற்பனை செய்துகூடப் பார்க்க முடியவில்லை.

ஒற்றைக் கண்ணில் ஓட்டிவிடலாம், மெதுவாகப் போனால் போதும் என்று அவரே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். சாவி பிடிக்கிற விஷயத்தில்தான் சமாதானம் எடுபடவில்லை. ஒரு கண்ணில் எதுவும் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று பிடிபடாது. அதனால் மழைக்காலத்திலிருந்து அக்கா கடைப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. கண்ணாடிச் சுவர் வைத்து, பெரிய கம்பெனி நடத்தும் இடங்களில் சாப்பிட்டார். அங்கே டீயைக்கூட இயந்திரம்தான் கொடுக்கும். உன் கண் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று அது கேட்காது.

இன்று தப்ப முடியவில்லை. வருடத்துக்கு ஒருநாள் பழைய டிரைவர்கள் எல்லாரும் அக்கா கடையில் கூடுவார்கள். போகாவிட்டால் வீடு தேடி வந்துவிடுவார்கள். பஸ்ஸில் வந்திருக்கலாம்தான். மற்றவர்கள் அப்படித்தான் வருகிறார்கள், எல்லாரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். ஆனால் அவர்களில் இன்னும் ஓட்டுகிறவர் ஒல்லி ஒருத்தர்தான். அவர் லாரி முற்றத்துக்குள் திரும்புவதைப் பார்க்க அத்தனை பேரும் வாசலில் வந்து நிற்பார்கள். அந்த ஒரு நிமிடத்துக்காக, புத்தியுள்ள எவனும் செய்யாத காரியத்தைச் செய்து, லோடும் கையுமாக வந்து மாட்டிக்கொண்டார்.

"வந்துட்டான்டா நம்ம சிங்கம்!" என்று வாசலிலிருந்து கத்தினார் ஹாரன். தொண்டைக்காக வந்த பெயர். அவர் ரகசியம் பேசினால் பக்கத்து முற்றத்தில் கேட்கும்.

"கத்தாதேடா, அவன் என்ன காட்டுக்குள்ளயா இருக்கான்" என்றார் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர் இல்லை. யார் எது சொன்னாலும் திருத்துவார், அதனால் வாத்தியார். அவருக்குப் பின்னால் மாப்பிள்ளை நின்றிருந்தார். கல்யாணத்துக்கு மறுநாளே கல்யாணச் சட்டையோடு லோடு ஏற்ற வந்தவர். பேரன் எடுத்த பிறகும் மாப்பிள்ளைதான்.

ஒல்லி உள்ளே போய்ச் சாவியை மேடைமேல் வைத்தார். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். முடி முழுக்க வெளுத்துவிட்டது, இடுப்பு வலி, கைத்தடி. பார்வை மட்டும் அப்படியே இருந்தது.

"என்ன தம்பி, இந்தப் பக்கம் ஆளையே காணோம்?"

"லோடு வேற ரூட்ல கிடைச்சுது அக்கா."

"அப்படியா" என்று சாவியை ஆணியில் மாட்டினாள். அந்த 'அப்படியா' ஒல்லிக்குப் பிடிக்கவில்லை.

நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து ரொட்டியும் முட்டையும் வந்ததும் பேச்சு எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய கடைகளைப் பற்றித்தான். கம்பெனிகள் வருவதற்கு முன்னால் சாலை நெடுக ஆளுக்கு ஒரு கடை, கடைக்கு ஒரு கிறுக்கு. வெந்நீர்க் கடை என்று ஒன்று இருந்தது. அதன் முதலாளி குளிக்காத டிரைவருக்குச் சோறே போட மாட்டார், துண்டோடு வாசலில் காத்திருப்பார். மலை இறக்கத்தில் இன்னொரு கடை, அண்ணன் தம்பி இரண்டு பேர் நடத்தியது. இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. "உப்பு கம்மின்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்று அண்ணன் டிரைவரிடம் சொல்வார். "ருசி தெரியாத நாக்குன்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்று தம்பி பதில் அனுப்புவார். ஆனால் இறக்கத்தில் எவன் லாரியாவது பிரேக் பிடிக்காமல் வருகிற சத்தம் கேட்டால், இரண்டு பேரும் ஒரே பாய்ச்சலாக மணல் மூட்டையோடு சாலைக்கு ஓடுவார்கள்.

"அவங்க ரெண்டு பேரும் இல்லேன்னா நான் இன்னிக்கு இல்ல" என்றார் மாப்பிள்ளை. 

"ஆனா அக்கா கடை மாதிரி வருமா?" என்று ஆரம்பித்தார் ஹாரன். "இந்தச் சாவி எறியறது எப்படி வந்துச்சுன்னு தெரியுமா? ஒரு நாள் அக்கா ஒரு கையில முட்டைச் சட்டி, ஒரு கையில கரண்டி. ஒருத்தன் அவசரம் அவசரம்னு நிக்கிறான். கரண்டியப் போட்டுட்டு சாவிய எடுத்து எறிஞ்சாங்க. அது அவன் மூக்குல பட்டுக் கீழ விழுது. அவன் அப்பவும் கையத் தூக்கல! இன்னும் வரலையேன்னு அக்காவயே பாத்துட்டு நிக்கிறான். இவனா வண்டி ஓட்டப் போறான்னு பிடிச்சுப் படுக்கப் போட்டாங்க. அவன் மறுநாள் மத்தியானம்தான் எழுந்தான்."

"மூக்குல இல்ல, நெத்தியில" என்று திருத்தினார் வாத்தியார்.

ஒல்லி சிரித்தார். சிரித்துக்கொண்டே, சாவி நெற்றியில் பட்டால் எப்படியிருக்கும் என்பதை நினைத்துக்கொண்டார். அது அவருக்கு நன்றாகவே தெரியும். ஒரு வாரமாக வீட்டுப் பின்புறத்தில் நின்று மனைவியை எறியச் சொல்லிப் பழகியிருந்தார். டாக்டர் சொன்ன உடற்பயிற்சி என்று காரணம் சொல்லியிருந்தார். "எந்த டாக்டர் இப்படி மண்டைய உடைச்சுக்கச் சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டே அந்த மகராசி குறி பார்த்து எறிந்தாள். நெற்றி, மூக்கு, காது என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். கண்ணை நம்பக்கூடாது. சாவி குலுங்குகிற சத்தத்தைக் கேட்டு, இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்து மூட வேண்டும். பத்துக்கு நாலு விழுந்தது. ஆறு பிடிபட்டது.

"நான் ஒரு தடவை தொப்பியக் கழட்டிப் பிடிச்சேன்" என்றார் மாப்பிள்ளை. "தொப்பிக்கு லைசென்ஸ் இருக்கான்னு கேட்டாங்க. போய்ப் படுத்தேன்."

"அந்த டிரான்ஸ்போர்ட் முதலாளி கதையச் சொல்லு" என்றார் ஹாரன். பிறகு பொறுக்காமல் தானே சொன்னார். தன் டிரைவரைப் பிடித்து வைத்துவிட்டாள் என்று ஒரு முதலாளி ராத்திரியெல்லாம் கார் ஓட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தாராம். அக்கா மேடைமேல் அவர் வைத்திருந்த கார்ச் சாவியை எடுத்து அவரிடமே எறிந்தாள். அது அவர் செருப்பின்மேல் விழுந்தது. "பின்னாடி கட்டில் இருக்கு" என்றாள். அந்த மனுஷன் தன் டிரைவருக்குப் பக்கத்துக் கட்டிலிலேயே படுத்துக் குறட்டை விட்டுவிட்டு, சாயங்காலம் எழுந்து, கும்பிட்டுவிட்டுப் போனாராம். அதற்கப்புறம் அவர் வண்டிகள் வேறெங்கும் நின்றதில்லை.

சிரிப்பில் மேசையே குலுங்கியது.  அவர்கள் அக்காவைப் புகழப் புகழ, ஒல்லிக்குத் தப்பிக்கும் சந்து ஒவ்வொன்றாக அடைபட்டது. ஏமாற்ற நினைத்த அத்தனை பேரும் தோற்ற கதைதான் ஒவ்வொன்றும்.

"எனக்கு இன்னும் டீ வரலையே" என்றார் பேச்சை மாற்ற.

எல்லாரும் சிரித்தார்கள். டீ அவருடைய இடது முழங்கைப் பக்கத்தில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. "வயசாயிடுச்சுடா உனக்கு" என்று ஹாரன் முதுகில் தட்டினார். ஒல்லியும் சிரித்துச் சமாளித்தார். டீயைக் கொண்டுவந்து வைத்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு மேடைக்குத் திரும்பிப் போனாள்.

வாத்தியார் தொண்டையைக் கனைத்தார். "என் மூத்தவ பொறந்த அன்னிக்கு..." என்று ஆரம்பித்தார். எல்லாருக்கும் தெரிந்த கதை, ஆனாலும் யாரும் குறுக்கே பேசவில்லை. பிரசவம் சிக்கல் என்று தகவல் வந்த நாள் அது. இரண்டு நாள் தூக்கமில்லாத வாத்தியார் சாவியை விட்டுவிட்டார். அழுதார், அக்காவின் காலில் விழுந்தார். அவள் சாவியைக் கொடுக்கவில்லை. அதற்குப் பதில் ஓடிப்போய் நடுச்சாலையில் நின்று எதிரே வந்த முதல் லாரியை நிறுத்தினாள். அதிலிருந்து இறங்கியவர் ஒல்லி. அப்போது நிஜமாகவே ஒல்லி. என்ன ஏது என்று அவர் கேட்பதற்குள் அக்கா வாத்தியாரின் சாவியை எறிந்தாள்.

"திரும்பிக்கூடப் பாக்கல இவன். கை மட்டும் போய்ப் பிடிச்சுது" என்றார் வாத்தியார்.  "இவன் வண்டிய இங்கயே விட்டுட்டு, என் வண்டிய ஓட்டிக்கிட்டு என்னைக் கொண்டுபோய்ச் சேத்தான். நான் வழியெல்லாம் தூங்கினேன். கண்ணு முழிச்சா ஆஸ்பத்திரி வாசல். அன்னிக்கு நான் ஓட்டியிருந்தா என் பொண்ணு அப்பன் முகத்தப் பாத்திருக்க மாட்டா. அக்கா கண்ணும் இவன் கையும்தான் என்னைக் காப்பாத்துச்சு." 

ஒல்லியால் அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்தார். "லோடு இறக்கணும். கிளம்பறேன்."

சொன்னதுதான் தாமதம், அத்தனை பேரும் எழுந்து மேடையைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஒல்லி சாவி பிடிப்பதைப் பார்ப்பதற்காக. ஹாரன் முன்பின் தெரியாத இரண்டு இளம் டிரைவர்களையும் கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினார். "பாருங்கப்பா, இது மாதிரி பாத்திருக்க மாட்டீங்க."

அக்கா பலகையிலிருந்து சாவியை எடுத்தாள். ஒல்லி எதிரே நின்றார். கையை நெஞ்சுக்கு முன்னால் வைத்துக்கொண்டார். காதைத் தீட்டிக்கொண்டார். அக்கா அவரைப் பார்த்தாள். கூடுதலாகக் கொஞ்ச நேரம் பார்த்த மாதிரி இருந்தது. கலகலவென்று ஒரு சத்தம். ஒல்லி கையை மூடினார்.

உள்ளங்கைக்குள் சாவி இருந்தது.

ஹாரன் போட்ட சத்தத்தில் சமையல்கட்டிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். மாப்பிள்ளை விசிலடித்தார். வாத்தியார் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஒல்லி எல்லாரையும் பார்த்துத் தலையாட்டிவிட்டு, வேர்த்து விறுவிறுக்க வெளியே வந்தார். ஜெயித்துவிட்டார். ஆனால் ஜெயித்தது போலவே இல்லை. சாவி வந்ததை அவர் பார்க்கவே இல்லையே.

வழக்கம்போல லாரியைச் சுற்றி வந்தார். டயர் ஒவ்வொன்றையும் தட்டினார். தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துப் பார்த்தார். ஏறி உட்கார்ந்து கிளப்பினார். எஞ்சின் உறுமியது. வலது பக்கக் கண்ணாடி பார்த்தார். இடது பக்கக் கண்ணாடி பார்த்தார். முற்றம் காலி. கியரைப் போட்டார். இடது பக்கமாக ஒடித்துத் திருப்ப வேண்டும்.

பழக்கத்தால்தான் இன்னொரு தடவை பார்த்தார். இந்த முறை கழுத்தை முழுக்கத் திருப்பி, வலது கண்ணால் பார்த்தார்.

இடது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் அக்கா நின்றிருந்தாள். தடியை ஊன்றிக்கொண்டு, சக்கரம் ஒடிந்து திரும்பும் இடத்திலேயே நின்றிருந்தாள். இவ்வளவு நேரமும் முற்றத்தில் நடந்துதான் வந்திருக்கிறாள். அவருக்கு அவள் இல்லவே இல்லை.

ஒல்லி எஞ்சினை நிறுத்தினார்.  சாவியை உருவ இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது. அதற்குள் அவள் மெல்ல முன்பக்கமாகச் சுற்றி அவர் கதவுக்குக் கீழே வந்துவிட்டாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே ஒல்லி கதவைத் திறந்து சாவியைக் கீழே நீட்டினார்.

"வாங்கத்தான் வந்தேன்" என்றாள் அக்கா. வாங்கிக்கொண்டாள்.

"எப்பத் தெரியும்?"

"டீய இடது பக்கமா வெச்சேனே, அப்ப."

"அப்ப ஏன் அக்கா எறிஞ்சீங்க?"

"எங்க எறிஞ்சேன்? உன் கையப் பாத்து மெதுவா உள்ளங்கையில போட்டேன். அத்தன பேரு சுத்தி நிக்கிறாங்க, நீ அதக் கீழ விடறத என்னால பாக்க முடியாதுடா. நீ டயர் தட்டாம வண்டி ஏற மாட்டே, அதுக்குள்ள வந்து வாங்கிக்கலாம்னு வந்தேன். இந்த இடுப்பு விடல."

"சக்கரத்துக்கிட்ட நின்னீங்களே. பயமா இல்லியா?"

"இருந்துச்சு" என்றாள் அக்கா.

ஒல்லி அந்த உயரத்தில் உட்கார்ந்தபடியே அழுதார். சின்னப் பிள்ளைபோல, ஸ்டியரிங்கின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். அவள் தேற்றவில்லை, தட்டிக்கொடுக்கவில்லை, கிளம்பவும் இல்லை. வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். இந்த மனுஷி இல்லாமல் இந்தச் சாலையில் எத்தனை வீடுகள் அப்பா இல்லாமல் போயிருக்கும் என்று ஒல்லி நினைத்தார். இத்தனை வருடம் அவள் எறிந்ததைப் பிடித்தோம் என்று பெருமைப்பட்டோமே, பிடிக்காதவர்களை நிறுத்தி வைக்க அவளுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும் என்று ஒருநாளாவது யோசித்தோமா என்று தோன்றியது.

"லோடு?" என்றார் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"சரக்குக்காரர்கிட்ட நான் பேசறேன். சாயங்காலம் லாரி ஓட்டற என் தங்கச்சி மக வருவா, அவ கொண்டுபோய்ச் சேப்பா."

"அவ பிடிப்பாளா?"

"உன்னை விட நல்லாவே பிடிப்பா" என்றாள் அக்கா. "இறங்கு. உள்ள நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீயா சொன்னா சொல்லு."

ஒல்லி படிகளைக் காலால் துழாவி இறங்கினார். இரண்டு பேரும் மெதுவாக முற்றத்தைக் கடந்தார்கள். யார் யாரைத் தாங்கிக்கொண்டு வருகிறார்கள் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிந்திருக்காது.

உள்ளே ஹாரன் இன்னும் அந்தப் பிடியைத்தான் இளம் டிரைவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ஒல்லியைப் பார்த்ததும், "என்னடா, எதையாவது மறந்துட்டியா?" என்றார்.

அக்கா யாரையும் பார்க்காமல் மேடைக்குப் பின்னால் போய்ச் சாவியை ஆணியில் மாட்டினாள்.

"எனக்கு இடது கண்ணு தெரியலடா" என்றார் ஒல்லி. "மழைக்காலத்துலேருந்து. இனி வராதுன்னு சொல்லிட்டாங்க. வண்டிய விட்டுட்டேன்."

ஹாரன் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். எல்லாரும் லாரி ஓட்டியவர்கள். அவர் எதை விட்டார் என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வாத்தியார்தான் முதலில் எழுந்தார். "இடதா?" என்று கேட்டார்.

"இடது."

"அப்ப அங்க உக்காந்தா எங்கள்ல பாதிப் பேரு உனக்குத் தெரிய மாட்டோம். இந்த ஓரத்துக்கு வா." தான் உட்கார்ந்திருந்த இடது கோடியைக் காட்டினார். ஹாரன் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு எதிர் பெஞ்சுக்கு மாறினார். மாப்பிள்ளை டீ கிளாசுகளை எல்லாம் ஒவ்வொன்றாக நகர்த்தினார். ஆள் ஆளுக்கு எழுந்து, இடித்துக்கொண்டு, திட்டிக்கொண்டு, எல்லாரும் அவருக்கு வலது பக்கம் வருகிற மாதிரி இடம் மாறி உட்கார்ந்தார்கள்.

ஒல்லி அந்தக் கோடியில் உட்கார்ந்து நிமிர்ந்தார்.

"இப்பத் தெரியறோமா?" என்று கேட்டார் ஹாரன், தன்னால் முடிந்த அளவு மெதுவாக.

"எல்லாரும் தெரியறீங்க" என்றார் ஒல்லி.